கரிசல் சேறு, முள்ளு, சம்மணம்... நம்ம ஊருக்கு ஏத்த செயற்கைக் கால் எது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மழை பெய்தால் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு லேசில் விடாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். போகிற வழியெல்லாம் சீமைக்கருவேல முள் வேறு. சர்க்கரை நோயாலோ விபத்தாலோ ஒரு காலை இழந்தவர் இந்த மண்ணில் மறுபடியும் புஞ்சை வேலைக்குப் போக முடியுமா? அவருக்கு என்ன மாதிரி கால் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

முன்பு இங்கே கிடைத்த வெளிநாட்டுப் பாணி கால்களில் கணுக்கால் மடங்காது. ஷூ போட்டால்தான் நடக்கவே முடியும். சம்மணம் போட முடியாது, குத்தவைக்க முடியாது. சேற்றில் இறங்கினால் ஷூ போச்சு. அதனால் காலை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, கக்கத்துக் கட்டைக்கே திரும்பியவர்கள் ஏராளம்.

டயர் ரப்பரில் ஒரு பாதம்

இதைக் கவனித்தவர் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தி. அவரோடு சேர்ந்து வேலை செய்த ராம் சந்திர சர்மா டாக்டர் இல்லை, கைவினைஞர். இருவரும் 1968 வாக்கில் உருவாக்கியதுதான் 'ஜெய்ப்பூர் கால்'. முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் ஸ்பாஞ்சு ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை. இவற்றைச் சுற்றி ரப்பர் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடேற்றுவார்கள். டயருக்கு ரீட்ரெட் போடும் அதே டெக்னிக். இந்தப் பாதம் எல்லாப் பக்கமும் வளையும், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, செருப்பு இல்லாமலும் நடக்கலாம்.

1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் சிக்கி ஒரு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், இந்தக் காலோடுதான் மீண்டும் மேடை ஏறினார். யாழ்ப்பாணத்திலும் 1987இல் ஒரு ஜெய்ப்பூர் கால் மையம் தொடங்கப்பட்டது.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

காலின் மேல்பகுதி, அதாவது வெட்டுப்பட்ட கால் நுழையும் கூடு, முதலில் அலுமினியத் தகட்டில் செய்யப்பட்டது. பின்னால் எச்.டி.பி.இ. குழாய்க்கு மாறினார்கள். தோட்டத்துக்குத் தண்ணி கொண்டுபோக உதவும் அதே ரகம்தான்! சூடேற்றினால் இளகும், வேண்டிய வடிவத்துக்கு வரும், மறுபடியும் உருக்கலாம். விலை உயர்ந்த கால்களில் வரும் கார்பன் ஃபைபர்-ரெசின் கூடு எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் ஒருமுறை இறுகிவிட்டால் அதை உருக்க வழியில்லை.

அதுக்காக ஜெய்ப்பூர் காலை முழுக்கப் பசுமை என்று சொல்லிவிட முடியாது. வல்கனைஸ் செய்த ரப்பரை உருக்கி மறுபடி பயன்படுத்துவது கஷ்டம்.

முழங்காலுக்கு மேல் இழந்தவர்களுக்கு மூட்டும் வேண்டும். இதற்காக ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2022இல் 'கதம்' என்ற மூட்டை அறிமுகப்படுத்தியது. 160 டிகிரி வரை மடங்கும் என்பதால் பஸ், ஆட்டோவில் ஏறி உட்காருவது சுலபம்.

விலையை விட ரிப்பேர் முக்கியம்

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் வெட்டுப்பட்ட கால் சுருங்கும், கூடு லூசாகும். ஓசியிலேயே கால் கிடைத்தாலும், அதைச் சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு தூரத்து ஊருக்கு அலையணும் என்றால் எத்தனை பேர் போவார்கள்? பக்கத்து டவுனிலேயே சூடேற்றி, தேய்த்து, வார் மாற்றித் தரும் ஆள் இருந்தால் அந்தக் கால் இன்னும் பல நாள் ஓடும். குப்பைக்கும் போகாது.

செயற்கைக் கால் தேவைப்படுவோர் விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு உணர்ச்சி குறைவாக இருக்கும், கூடு உரசினாலும் வலி தெரியாது. அதனால் ராத்திரி காலைக் கழற்றியதும் கண்ணாடி வைத்து அடிப்பக்கம் வரை பார்க்கணும். சிவந்திருந்தாலோ கொப்புளம் இருந்தாலோ, ஆறும்வரை மாட்டாமல் டாக்டரிடம் காட்டணும்.