காதங்கி வானத்தின் சித்திரம்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் சந்திரகிரியைக் கடப்பவர்கள், மலையடிவாரத்து ராஜமகாலையும் ராணிமகாலையும் கண்டு, விஜயநகரத்தின் கடைசி மன்னர்களையும், சென்னப்பட்டணம் தோன்றக் காரணமான 1639 ஆம் வருஷத்துச் சாசனத்தையும் நினைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால், குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்னும் கிராமத்தில், நம் காலத்துக் காவல் மேடையொன்று இரவும் பகலும் ஆகாயத்தை நோக்கியிருப்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

அங்கே 130 மீட்டர் சதுர நிலத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, நாற்று நட்டாற்போல் 1,024 ஆன்டெனா கம்பங்கள் நிற்கின்றன. 1990களின் தொடக்கத்தில் உயிர்பெற்றது, வளிமண்டலக் காற்றை அளக்கும் இந்த எம்.எஸ்.டி. ரேடார். இதை நடத்தும் ஸ்தாபனம் விண்வெளித் துறையைச் சேர்ந்தது. 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் என்ற பெயர் தாங்குகிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பெருஞ்சக்தியோடு மேலே அனுப்பினால், மேகமே இல்லாத தெளிந்த வானிலும், காற்றின் ஏறக்குறைய 3 மீட்டர் அளவுள்ள நுண்ணிய கலக்கங்களில் பட்டு, அதில் அணுவளவே திரும்பி வருகிறது. அந்த அணுவளவிலிருந்து காற்றின் வேகத்தை எடுப்பதுதான் சாமர்த்தியம்.

எடுத்தபின் என்ன செய்வது? 150 மீட்டருக்கு ஒரு படியாக 150 உயரங்கள், ஒவ்வொன்றிலும் 512 எண்கள், 6 திசைகள் என்று வைத்துக்கொண்டால், ஒரே சுற்றில் 4,60,800 எண்கள் குவிந்துவிடும். சில நிமிஷங்களில் அடுத்த சுற்று வரும். இத்தனையையும் மனிதக் கண் எண்ணாகப் படிக்க இயலாது; சித்திரமாகத்தான் காண வேண்டும். ஆகவே ரேடார் சாஸ்திரக்ஞர்கள் ஒவ்வோர் உயரத்தின் அலைக்கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காகிதத்தில் வரைந்து, எதிரொலியின் முகடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்கள். நல்ல முறைதான், எனினும் வரைந்தவர் தேர்ந்த கோணத்துக்கு அப்பால் பார்ப்பவர் போக முடியாது.

பார்ப்பதற்கு ஏற்ற கருவி இல்லாத குறை காதங்கிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைக் காண்பதற்கு வேண்டிய கருவி கிடைக்காமல், தாமே எழுதத் தொடங்கியதுதான் 2003 இல் வெளிவந்த மேட்பிளாட்லிப் என்னும் படம் வரையும் நிரல். பின்னர் 2011 இல் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. மார்ச் மாதத்தில், விளையாட்டுப் படங்களுக்காக வளர்ந்த ஜிபியு என்னும் சில்லைப் பிரவுசரே நேராக ஏவும் வெப்ஜிஎல் விதிமுறை வெளியாயிற்று. டிசம்பரில், நிரலும் படமும் விளக்கமும் ஒரே ஏட்டில் அமரும் ஐபைத்தான் நோட்புக் வந்தது. 2014 இல் அது ஜூபிட்டர் என்று பெயர் பெற்றது. ஒன்றையொன்று தேடி வராத இவ்விரண்டும் இணைந்ததை, விஞ்ஞானத்தின் கண்ணுக்குக் கிடைத்த பெரும் பாக்கியமாகவே நான் கருதுகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் பிரவுசரில் படத்தைச் சிறிது திருப்ப வேண்டுமானால், தொலைவிலுள்ள கணினி முழுவதையும் மறுபடி வரைந்து அனுப்ப வேண்டும். நோட்புக்கிலிருந்தே வெப்ஜிஎல்லை ஏவும் ஐபைவால்யூம், கே3டி போன்ற நூதன சாதனங்களிலோ, எண்கள் ஒருமுறை பிரவுசருக்கு வந்து ஜிபியுவின் நினைவகத்தில் தங்கிவிடுகின்றன. பார்ப்பவர் சித்திரத்தைப் பிடித்துச் சுழற்றும்போது, லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒன்றையும் மாற்றி அனுப்புவதில்லை. பார்வைக் கோணத்தைச் சொல்லும் நாலுக்கு நாலான ஒரு சிறு கட்டத்தின் 16 எண்களே மாறுகின்றன. மீதியை ஜிபியுவின் எண்ணற்ற சிறு கணிப்பான்கள் ஒரே சமயத்தில் செய்து முடிக்கின்றன. 2023 இல் குரோம் பிரவுசரில் வந்த வெப்ஜிபியு, வரைவதற்கு மட்டுமன்றிக் கணக்கிடுவதற்கும் அதே சில்லைத் திறந்துவிட்டது.

ஆடி மாதத்தில் சந்திரகிரிக் கோட்டைக்கு மேலே, வானின் தாழ்ந்த அடுக்கில் மேற்குக் காற்று ஓடுகிறது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து வரும் வேகப் பெருங்காற்று அதற்கு எதிராகப் பாய்கிறது. அத்தகைய ஒரு நாளின் ரேடார் எண்களை இப்படிப் பரப்பி, முன்னிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரியும் நிறத்திரளை விரலால் மெல்லப் பக்கவாட்டில் திருப்பினால், எதிரெதிராக ஓடும் இரண்டு ஆறுகளும் அவற்றினிடையே ஏறக்குறைய அசைவற்று நிற்கும் மெல்லிய காற்றடுக்கும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன.