முழுகாமல் இருத்தல்

'மருமகள் முழுகாமல் இருக்கிறாள்' என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். முழுகுதல் என்பது தலைக்குக் குளிப்பது. மாதவிலக்கு முடிந்ததும் பெண்கள் தலை முழுகுவது வழக்கம். விலக்கு வரவில்லை என்றால் அந்த முழுக்கும் இல்லை. கருவைப் பற்றி மூச்சே விடாமல், நடக்காத ஒரு குளியலை வைத்துச் சேதியைச் சொல்லிவிடுகிறார்கள். (குளிக்காத சோம்பேறி என்று பொருள் கொள்ளும் பேரப்பிள்ளைகளும் உண்டு.)

பிரசவத் தேதியைக் கணக்கிட மருத்துவரும் ஏறக்குறைய அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார். கரு தரித்த நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கடைசி விலக்கின் முதல் நாள் நினைவிருக்கும். அதனுடன் 280 நாள் கூட்ட வேண்டும்: ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கின் முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றும் இருக்காது. கரு தரிப்பது ஏறக்குறைய 14ஆம் நாளில்தான். விலக்கு முன்பின்னாக வருபவர்களுக்கு இது பிசகும். அவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து, சிசுவின் தலை முதல் பிட்டம் வரையான நீளத்தைக் கொண்டு தேதியைத் திருத்துவார்கள்.