பட்டயத்தில் இல்லாத பெயர்கள்

ஜொகூர் பாரு நகரில் இருவகைக் காட்சிசாலைகள் தோன்றின. 1866இல் கட்டி முடிக்கப்பெற்ற பெரிய அரண்மனை 1990இல் அரச காட்சிசாலையாக்கப்பட்டது. அது மன்னர் குடும்பத்தின் வரலாற்றைச் சொல்ல எழுந்தது. ஜாலான் இப்ராகிமில் 2009இல் திறக்கப்பட்ட சீன மரபுடைமைக் காட்சிசாலையோ, ஒரு சமூகத்தார் தம் முன்னோரின் உழைப்பை நினைவு கூரத் தாமே அமைத்துக்கொண்டது. முன்னது ஆண்டவர் வரலாறு; பின்னது காடு திருத்தியவர் வரலாறு.

அக்காடு திருத்திய கதை ஆற்றுப் பட்டயங்களில் தொடங்குகிறது. 1844 அளவில், ஜொகூரை ஆண்ட தெமங்கோங் டாயெங் இப்ராகிம், சிங்கப்பூரிலிருந்து வந்த சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரைகளைத் திருத்திப் பயிரிடும் உரிமையை எழுத்தில் வழங்கினார். அவ்வெழுத்துக்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர். அதைப் பெற்றவர் 'காங்சூ', அதாவது ஆற்றுத் தலைவர் எனப்பட்டார். காம்பியரும் மிளகும் அங்கே சேர்ந்து விளைந்தன. தோல் பதனிடவும் சாயமேற்றவும் உதவும் காம்பியரை எடுக்க இலையைக் காய்ச்ச வேண்டும். காய்ச்சி எஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரமாகும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்குக் காடு அழியும். சில ஆண்டுகளில் மண்ணும் வளமிழக்கும். உடனே வேறோர் ஆற்றங்கரை தேடப்படும். இவ்வாறு பரவிய இம்முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்களில் அதன் தடம் இன்றும் உண்டு.

இப்பட்டயங்கள் வரலாற்று ஆசிரியர்க்கு விலைமதிப்பற்றவை. ஆனால் அவற்றில் இருப்பது காங்சூவின் பெயரே. கோடரி எடுத்துக் காட்டை வெட்டிய கூலியின் பெயர் இல்லை. அவன் எங்கே பதிவாகியிருக்கிறான் என்ற கேள்விக்கு விடை தருவன கலைகளே.

ஜாலான் துருஸ் தெருவிலுள்ள பழைய சீனக் கோயிலில் தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனீஸ், ஹைனானீஸ் ஆகிய ஐந்து பிரிவினரும் ஆளுக்கொரு தெய்வத்தைப் பேணுகின்றனர். ஆண்டுதோறும் சீன முதல் மாதத்தின் 21ஆம் நாள் இரவு அத்தெய்வங்கள் ஊர்வலம் வருகின்றன. யார் யார் கூடி இந்நகரை எழுப்பினர் என்பதை அவ்வூர்வலமே உரைக்கிறது. அதே நகரின் ஃபூன் யூ உயர்நிலைப் பள்ளியில் 1988இல் உருவான 24 பருவ முரசுகளும் இத்தகையனவே. உழவர் காலக்கணிப்பின் 24 பருவங்களின் பெயரை அவை ஒவ்வொன்றாய்த் தாங்கி முழங்குகின்றன.

தமிழர்க்கும் இக்கேள்வி உரியதே. காம்பியர் தேய்ந்த மண்ணில் பின்னர்ப் பால்மரம் எழுந்தது. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவுற்றதும், தோட்டங்கள் பெருகின. சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னும் கங்காணிகள் வழியே தமிழர் வந்தவண்ணம் இருந்தனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பெயர்களைக் கிராணி செக்ரோலில் குறித்தார். அது கூலிக் கணக்கு. வாழ்க்கைக் குறிப்பு அன்று. எந்த ஊர் விட்டு வந்தார், என்ன பாடினார், யாரை இழந்தார் என்பன அதில் ஏறவில்லை.

சயாம்–பர்மா இருப்புப்பாதையின் கதை இதனினும் கொடிது. 1942–43இல் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாய்க் கொண்டு செல்லப்பட்டனர். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. ஆங்காங்கே மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை.

ஏடு மறந்ததைச் சில நேரம் கோயில் காக்கும். சில நேரம் திரை காக்கும். சுல்தான் இப்ராகிம் அளித்த நிலத்தில் 1911இல் எழுந்த ஜொகூர் பாரு இராஜமாரியம்மன் கோயில், அந்நாளைய தமிழர் இங்கே வேரூன்ற முனைந்தமைக்குச் சான்று. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' திரைப்படம், 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் தவிப்பைச் சித்திரித்தது. மறு ஆண்டில் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. அதிகாரப் பதிவேடுகள் 'இத்தனை பேர் வெளியேறினர்' என்று எண்ணிக்கை தரலாம். வெளியேறியவன் முகத்தைக் காட்ட வல்லது திரையே.

ஆகவே ஒரு சமூகக் காட்சிசாலைக்குப் பட்டயம் மட்டும் போதாது. பாட்டும், முரசும், படமும், ஊர்ப்பெயரின் கதையும் அங்கே இடம் பெறல் வேண்டும். ஜொகூரின் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவிட்டன. பால் உளியும் பழைய செக்ரோலும் துருவுக்கும் கறையானுக்கும் இரையாகும் காலம் இது. அவற்றைத் திரட்டுவதோடு, லயத்தில் பிறந்து வளர்ந்த முதியோரின் குரலையும் பதிந்து வைத்தல் தலையாய கடன். பொருளைப் பின்னரும் தேடிக் கண்டெடுக்கலாம். அதைக் கையாண்டவரின் பெயரைச் சொல்லும் வாய் மூடிவிட்டால், பின்பு எந்தப் பட்டயத்திலும் அப்பெயர் கிடைக்காது.