கடைமடையில் மூதூர்: மகாவலி நீர் திறப்பும் வண்டலின் கணக்கும்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியே சென்றோர், பாலங்கள் எழும்வரை, கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி எனத் துறை பல கடந்தே ஊரையடைந்தனர். இப்பெயர்களை ஊன்றி நோக்குமிடத்து ஒரு கழிமுகத்தின் இயல்பு முழுவதும் அவற்றிலே பொதிந்திருத்தல் புலனாகும். ஒன்று உவர்நீரைச் சுட்டும். மற்றொன்று மலைநாட்டு நன்னீரைச் சுட்டும். பிறிதொன்று இவ்விரு நீரும் கலக்குமிடத்தில் இறால் பெருகுதலைச் சுட்டும். மகாவலியை இப்பகுதி மக்கள் இன்றும் கங்கை என்றே வழங்குவர். கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் தொலமி தப்பிரபேனின் ஆறுகளுள் ஒன்றைக் கங்கை எனக் குறித்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கொட்டியாரம் என வரலாறு அறிந்த இக்குடாவிற்கே, புயலில் முறிந்த பாய்மரத்தை மாற்றும் பொருட்டு வந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து, றொபேட் நொக்ஸ் 1660 இல் சிறைபிடிக்கப்பட்டார். அவர் சிறைப்பட்ட கதையைப் பலரும் எழுதியுள்ளனர். கப்பலைக் கொட்டியாரத்திற்கு இழுத்துவந்த ஆற்றோரக் காட்டையும் குடாவின் ஆழத்தையும் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. குடாவின் அடியிலிருந்து ஆழ்கடற் பள்ளத்தாக்கொன்று தொடங்கிக் கிழக்கே இறங்குகின்றது. ஆறு கொணரும் மணலில் ஒரு பங்கு இப்பள்ளத்தில் வீழ்ந்துவிடும். வீழ்ந்தது கரைக்கு மீளாது. எனவே கழிமுகத்து மணல்மேடுகளும் கண்டற்காடுகளும் முன்னோர் விட்டுச்சென்ற நிலையான முதலன்று. ஆண்டுதோறும் வரவு வந்தாலன்றி அவை நில்லா.

அவ்வரவின் வரலாறு 1976 ஆம் ஆண்டில் திசைமாறியது. மகாவலி 335 கிலோமீற்றர் நீளமுடையது. தீவின் பரப்பில் ஆறிலொரு பங்களவு நிலத்தின் நீர் அதில் வடிகின்றது. மலைநாட்டில் தென்மேல் பருவமழையும் தாழ்நிலத்தில் வடகீழ்ப் பருவமழையும் அதனை ஊட்டுவதால், வறட்சிக் காலத்திலும் மூதூர்ப் பக்கம் நீரோட்டம் இருந்தது. ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1968 இல் முற்றுப்பெற்ற பெருந்திட்டம், 9 இலட்சம் ஏக்கர் நிலத்திற்கு நீர் வழங்குவதை 30 ஆண்டுகளிற் செய்யவேண்டிய பணியாகக் கண்டது. 1976 இல் போல்கொல்லையில் ஆறு மறிக்கப்பட்டு வடக்கே திருப்பப்பட்டது. 1977 இன் ஆட்சிமாற்றத்தின்பின் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது. மாதுறு ஓயா, விக்ரோறியா, கொத்மலை, றந்தெனிகலை, றந்தம்பை என நீர்த்தேக்கங்கள் 1990 இற்குள் எழுந்தன. கலாவெவவுக்கும் மாதுறு ஓயாவுக்கும் சென்ற நீர் வேற்று வடிநிலங்களைச் சேர்ந்து வேற்றுக் கடல்முகங்களிற் கலந்தது. இத்திட்டத்தால் பயன் விளையவில்லை என்று கூறுவார் இலர். நெல்லும் மின்சாரமும் விளைந்தன. ஆயின் ஏக்கரும் மெகாவாற்றும் எழுதப்பட்ட பேரேட்டில் வண்டலுக்கும் வெள்ளத்திற்கும் ஒரு நிரலேனும் இடப்படவில்லை.

இக்குறையை எவரும் முன்னறியவில்லை என்றல் பொருந்தாது. 1980 இல் அமெரிக்க உதவியுடன் வெளிவந்த சுற்றுச்சூழல் மதிப்பீடு, மனம்பிட்டிக்குக் கீழுள்ள வெள்ளச் சமவெளியின் வில்லுகள் சுருங்கும் அபாயத்தைச் சுட்டியது. வெள்ளம் ஏறி வற்றும்போது புல் செழிக்கும் இத்தாழ்நிலங்களே கோடையில் யானைகளுக்கும் எருமைகளுக்கும் மேய்ச்சல், மீன்களுக்கு நாற்றங்கால். 1984 இல் இப்பகுதி வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. நிலத்திற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அதனை உருவாக்கிய வெள்ளத்திற்குக் கிடைக்கவில்லை. இஃது அக்காலக் கொள்கையின் அடிப்படை முரண்பாடு என்பது எமது கருத்து.

பிற நாடுகளின் படிப்பினை இங்கு உதவும். சீனத்தின் மஞ்சள் நதியில் 1960 இல் நீர் தேக்கிய சான்மென்சியா அணை, சில ஆண்டுகளிலேயே வண்டலால் தூர்ந்தது. மூடப்பட்டிருந்த அடிமதகுகள் மீளத் திறக்கப்பட்டன. 1973 முதல் வெள்ளப் பருவத்தில் நீர்மட்டத்தைத் தாழ்த்திக் கலங்கல் நீரை வெளியேற்றுவதும், பின்னர் தெளிந்த நீரைத் தேக்குவதும் முறையாயிற்று. அமெரிக்கக் கொலராடோ ஆற்றில் கிளென் கன்யன் அணையிலிருந்து 1996 மார்ச்சில் ஏழு நாள் செயற்கை வெள்ளம் விடப்பட்டது. மணற்கரைகள் உயர்ந்தன; ஆயினும் அவற்றுட் பல விரைவிற் கரைந்தன. கிளையாறுகள் புதுமணலைக் கொணர்ந்த உடனேயே நீர் திறக்கவேண்டும் என்பது அதன்பின்னரே தெளிவாயிற்று. மணலற்ற தெளிநீரை மிகுதியாகத் திறத்தல் கரையை வளர்க்காது, அரிக்கும்.

இதனை மகாவலிக்குப் பொருத்துமிடத்துச் சிக்கல் வெளிப்படுகின்றது. போல்கொல்லையில் தேங்கும் சேற்றைக் கழுவிவிட்டால் அது விக்ரோறியாவிற் சென்று படியுமேயன்றி மூதூரை எட்டாது. பெருந்தேக்கங்களின் தொடரிற் கடைசியானதும் சிறியதுமான றந்தம்பையே இவ்வகையில் ஆராயத்தக்கது. ஊமா ஓயா வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களின் மண்ணை அங்கேயே கொட்டுகின்றது. அதற்குக் கீழே பதுளு ஓயா முதலிய கிளைகள் இன்னும் மணல் கொணர்கின்றன. அவை பெருகும் நாட்களை அறிந்து மேலணைகளில் நீரைக் குறுகிய காலம் திறத்தலே செய்யத்தக்கது. ஆயின் அதற்கான நாட்கள் நவம்பர், திசெம்பரிலேயே வருவன. அப்போது தேக்கங்கள் கோடை கழிந்து வற்றியிருத்தல் கூடும். கழிமுகத்திற்கு நீர் கொடுத்தால் பெரும்போக விவசாயியின் பங்கில் ஒரு பகுதி குறையும். தேக்கங்கள் நிரம்பியிருப்பின், வான்கதவுகள் திறக்கும் செய்தி மூதூருக்கும் வெருகலுக்கும் இடப்பெயர்வுச் செய்தியாகும். 2025 நவம்பர் இறுதியின் புயல் வெள்ளத்தில் இவ்வூர்கள் பட்ட துன்பத்தை அறிந்தோர், வெள்ளம் நன்றென எளிதிற் கூறார்.

வெருகலாற்று நீரைப் பெறும் மாவிலாற்றின் மதகு 2006 யூலையில் விடுதலைப் புலிகளால் மூடப்பட்டதும், அதையொட்டிய போர் ஓகஸ்ற் தொடக்கத்தில் மூதூர் மக்களை ஊரைவிட்டே துரத்தியதும் அண்மை வரலாறு. கதவு யார் கையில் என்ற வினா இங்கு ஏட்டு வினாவன்று. ஆற்றுமணல் அகழ்வோரையும் மறத்தற்கில்லை: மேலிருந்து விடும் மணலைக் கீழே பாரவண்டிகள் ஏற்றிச் செல்லுமாயின் திறப்பு வீணே.

1979 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாவலி அதிகாரசபையின் நீர்முகாமைத்துவச் செயலகம் ஒவ்வொரு போகத்திற்கும் நீர்ப் பங்கீட்டுத் திட்டம் வகுத்து வருகின்றது. விவசாய வலயங்களும் மின்நிலையங்களும் அதிற் பெயர் பெற்றுள்ளன. அப்பட்டியலிற் கொட்டியாரக் குடாவும் ஒரு நீர்ப்பயனாளியாக எழுதப்படுதல் வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு நீர், எவருக்கு எத்தனை மணி நேரத்திற்குமுன் எச்சரிக்கை என்பனவற்றை மூதூர் மீனவரும் வெருகல் விவசாயியும் இருந்து பேசும் கூட்டத்திலேயே முடிவுசெய்தல் வேண்டும்.