லயத்து அயல்: சபரகமுவத் தோட்டங்களில் கூட்டு வாழ்வின் வரலாறு

இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் நுவரெலியாவையும் ஹட்டனையும் வைத்தே எழுதப்பட்டு வந்திருப்பதால், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அடங்கிய சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலையே பரந்து கிடக்கும் மேல்நாட்டைப் போலன்றி, இங்கு இறப்பரும் தேயிலையும் சிங்களக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் இடையில் விட்டுவிட்டு அமைந்தமையால், தோட்டத் தமிழர் சிறு சிறு தொகுதிகளாகவும் கிராமத்தாருக்கு அண்டையராகவும் வாழ்ந்தனர். அவர்களிடையே உருவான நட்பும் பரஸ்பர உதவியும் தமிழகத்து ஊர்களிலிருந்து கொண்டுவந்த சொத்து என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அவற்றின் பெரும்பகுதி இங்கேயே, நெருக்கடியின் நடுவே உருவாக்கப்பட்டது.

1876இல் பிரேசில் நாட்டு இறப்பர் விதைகளிலிருந்து வளர்க்கப்பட்ட கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை ஏறியதும் களனிப் பள்ளத்தாக்கின் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டன. 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டிய குறுகிய இருப்புப்பாதை அவ்விளைச்சலைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்றது. ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அதாவது, தமிழகத்துக் கிராமங்களில் முன்பணம் கொடுத்துத் தன் உறவினரையும் சாதியாரையும் அழைத்து வந்து, அவர்களது வேலைக்கும் கடனுக்கும் பொறுப்பாய் நின்ற இடைத்தரகர். ஆகவே லயங்களில் சாதிப் பிரிவினை தொடக்கத்திலிருந்தே இருந்தது. தோட்ட வாழ்வை ஒரே குடும்பமாகச் சித்திரிப்போர் இதனை மறைத்துவிடுகின்றனர்.

எனினும் லயத்தின் கட்டமைப்பே மனிதரை நெருக்கிவைத்தது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த காம்பராக்களின் தொகுதி. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறையும், இஸ்தோப்பு எனப்படும் முன்திண்ணையும் கொண்டது. இடைச்சுவர் பல இடங்களில் கூரையைத் தொடாததால் ஒரு வீட்டுச் சண்டையும், இருமலும், பிரசவ வேதனையும் அடுத்த வீட்டுக்கும் கேட்டன. தண்ணீர் பொதுவான பீலியில், அதாவது ஊற்றுநீரைக் குழாய்வழி விழச்செய்த துறையில், பிடிக்கப்பட்டமையால் பெண்களின் செய்தியும் ஆறுதலும் கடனும் அங்கே பரிமாறப்பட்டன. தனிமை என்ற வசதி இல்லாத இவ்வாழ்வு பகையையும் வளர்த்தது என்றாலும், அண்டை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எவருக்கும் தெரியாமல் போக வழியில்லை.

அடுப்பு எரியாமைக்குப் பெருங்காரணம் மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. இறப்பர்ப் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக வடியும். மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகும். சிரட்டையில் சேர்ந்ததோ மழைநீரோடு கலந்து கெடும். பிரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பில் நின்று திரும்பியவருக்கு அன்று 'பேர்' இல்லை, அதாவது நாட்கூலி இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இத்தகைய நாட்கள் தொடரும்போது, கடைக்காரரின் பற்றுக்கணக்கு நிரம்பிய பின் எஞ்சியது கைமாற்று ஒன்றே. ஒரு கொத்து அரிசி, ஒரு கரண்டி எண்ணெய் என வட்டியின்றி வாங்கப்பட்டு, பேர் விழுந்ததும் திருப்பித் தரப்பட்டது. எழுத்தில் இல்லாத இக்கணக்கில் பெண்களே கணக்கர்கள். ஆனால் அவர்களது சம்பளத்தைத் தோட்டத்து அலுவலகத்தில் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

சாவு வந்தபோது இக்கடப்பாடு மேலும் இறுகியது. தப்பு என்னும் தோற்பறையின் அடி மாறியதைக் கொண்டே செய்தி தோட்டத்தின் அடுத்த பிரிவுக்குச் சென்றது. சாவு வீட்டில் உலை வைக்காத வழக்கப்படி அயலார் சமைத்துக் கொடுத்தனர். பின்னர் இவ்வுதவி மரண உதவிச் சங்கங்களாக உருப்பெற்றது. சிங்களக் கிராமங்களின் 'மரணாதார' சங்கங்களும் இதே அடிப்படையில் மாதச் சந்தாவில் இயங்குபவையே. கோயில் திருவிழாவுக்கான பணமோ செக்ரோல் எனும் சம்பளப் பட்டியலிலேயே கழிக்கப்பட்டது. மாசி, பங்குனியில் காமன் கூத்து நடந்தபோது, பகலில் பால் வெட்டியவர் இரவில் மன்மதனாகவும், பெண்வேடமிட்டு ரதியாகவும் ஆடினார். பார்வையாளருள் கிராமத்துச் சிங்களவரும் இருந்தனர். சிவனொளிபாத மலைக்கு இரத்தினபுரி வழியாக ஏறும் பாதையிலும் இரு சாராரும் ஒன்றாகவே நடந்தனர்.

இந்த அயலுறவு அரசியலிலும் வெளிப்பட்டது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைக் கிராமங்களைச் சூறையாடியபோது நிவாரணப் பணியில் இறங்கிய இடதுசாரிகளுள் ஒருவரான என்.எம். பெரேரா, 1936இல் ருவான்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டங்களிலும் அவர்களது தொழிற்சங்கம் வேரூன்றியது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1981 ஆகஸ்ட் இனவன்முறையில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடினர். தாக்கியவர்களும் கிராமத்தவர், அடைக்கலம் கொடுத்தவர்களும் கிராமத்தவர் என்ற முரண்பாட்டை எந்த எளிய விளக்கமும் தீர்க்காது.

இந்தியாவுக்குச் சென்றோரில் பால் வெட்டத் தெரிந்தவர்களுக்குக் கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும் அரசு இறப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஒரே லயத்து அயலார் இவ்வாறு மூன்று மாநிலங்களுக்குச் சிதறினர். இவர்களைப் பற்றிய அரசாங்கப் பதிவுகள் தலைக்கணக்கையும் கப்பலேறிய நாளையும் சொல்கின்றனவேயன்றி, யார் யாருக்கு அயலார் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியவை தோட்டக் கோயில்களின் வரவுசெலவுப் புத்தகங்களும், மரண உதவிச் சங்கங்களின் சந்தாப் பதிவேடுகளும், மொய்க் குறிப்பேடுகளுமே. ஈரமும் கறையானும் மிகுந்த இம்மாகாணத்தில் அவை நெடுநாள் தாங்கா. வைத்திருப்போர் அவற்றைப் படியெடுத்து நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இப்போதே வழங்க வேண்டும்.