வேதாரண்யத்துப் பாதையில் இரு கவிஞர்கள்

வேதாரண்யத்துக்குப் பாட்டு புதிதல்ல. மறைக்காட்டுக் கோயிலின் அடைபட்ட கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்கிறது பெரியபுராணம். திருவிளையாடற் புராணம் தந்த பரஞ்சோதி முனிவருக்கும் இதுதான் சொந்த ஊர். இந்த ஊரோடு தொடர்புடைய வேறு இருவரை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒருவர் தாயுமானவர், மற்றவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை.

இருவருக்கும் நடுவே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி. ஒருவர் துறவி, மற்றவர் தேசத் தொண்டர். ஆனாலும் இவர்களைச் சேர்த்துப் பேச வலுவான காரணம் உண்டு. பாட்டை நம்பி வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் இல்லை இவர்கள். ஒருவருக்கு அரண்மனைக் கணக்கு சோறு போட்டது. மற்றவருக்குத் தூரிகை சோறு போட்டது. பிழைப்புக்கு ஒரு வேலை, உயிருக்குப் பாட்டு என்று இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் பாட்டு எதனால் நிலைக்கிறது என்று அறிய இவர்களைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியவில்லை.

வந்த வழி, வந்த வேலை

தாயுமானவரின் தந்தை கேடிலியப்ப பிள்ளை வேதாரண்யத்துக்காரர். திருச்சியிலிருந்து ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) அவரை அழைத்துத் தம் அரண்மனையில் கணக்குப் பொறுப்பைக் கொடுத்தார். மூத்த மகனைத் தமையனுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, மலைக்கோட்டைத் தாயுமான சுவாமியை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. தந்தைக்குப் பின் மகனும் அதே வேலையில் அமர்ந்தார். அரசர் மறைந்து இராணி மீனாட்சியின் ஆட்சி வந்ததும் அரண்மனையை விட்டு வெளியேறினார். இல்லறம் நடத்தினார், மனைவியை இழந்தார், துறவு பூண்டார், இராமநாதபுரத்தில் அடங்கினார்.

இராமலிங்கம் பிள்ளை 1888இல் மோகனூரில் பிறந்தவர். தந்தை காவல்துறையில் வேலை பார்த்தார். திருச்சியில் கல்லூரிப் படிப்பு. தாசில்தார் அலுவலகத்தில் சில காலம், பள்ளி ஆசிரியராகச் சில காலம் என்று இருந்தாலும், அவர் கை நிலைத்தது ஓவியத்தில்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டில்லி முடிசூட்டு விழாவை ஒட்டி வரைந்த ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கத்தைக் காட்டியே வாழ்நாள் முழுவதும் வசதியாக இருந்திருக்கலாம். அவரோ அந்த மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் பாடினார். 1932இல் சிறைக்கும் போனார்.

இருவருமே அதிகாரத்தின் நிழலில் நின்றவர்கள், அது குளுமையாக இருந்தபோதே விலகியவர்கள். விலகிய திசைதான் வேறு. தாயுமானவர் உள்ளே போனார். இராமலிங்கம் பிள்ளை தெருவுக்கு வந்தார்.

ஊற்று எங்கே?

தாயுமானவருக்கு ஊற்றுக்கண் ஒரு மனிதர். திருமூலர் மரபில் வந்த மௌன குரு, பேச்சடங்கி மனமடங்கி இருக்கச் சொன்னார் என்பார்கள். இருக்க முடியவில்லையே என்ற தவிப்புதான் பாட்டானது. மனத்தின் ஓட்டத்தை அத்தனை நுணுக்கமாகக் கணக்கெடுத்தவர் தமிழில் குறைவு. மனம் எங்கே நழுவியது, எந்த ஆசை எந்த வேடத்தில் திரும்பி வந்தது என்று ஒவ்வொன்றையும் இறைவன் முன் வைக்கிறார்.

இராமலிங்கம் பிள்ளைக்கு ஊற்று, காலம். திலகரின் வேகத்தில் தொடங்கி, காந்தியின் அகிம்சையில் நிலைத்தவர். நடுவில் செட்டிநாட்டில் பாரதியைச் சந்தித்தார். ஓவியராக அறிமுகமானவரைப் பாடச் சொல்லிக் கேட்ட பாரதி, நீர் ஒரு புலவர் என்று வாய்விட்டுப் பாராட்டினார். பகுதிநேரக் கவிஞன் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய பட்டயம் வேறு என்ன வேண்டும்?

இங்கே ஒரு தொடர்ச்சியைக் கவனிக்க வேண்டும். பாரதத்தின் மணிக்கொடியைப் புகழ்ந்து பாரதி பாடிய பாட்டின் மெட்டு, தாயுமானவரின் ‘ஆனந்தக் களிப்பு’ மெட்டு. முத்தியைப் பாடிய சந்தம் தேசக்கொடியைப் பாட உதவியது. அந்தப் பாரதியின் பாராட்டில் துணிவு பெற்றவர் நாமக்கல் கவிஞர். இருநூறு ஆண்டு இடைவெளிக்கு நடுவே பாலமாக நிற்பவர் பாரதி.

சுவை

தாயுமானவர் தமக்குப் பிடித்தவர்களை மறைத்ததில்லை. நால்வர், திருமூலர், அருணகிரிநாதர், பட்டினத்தார், பத்திரகிரியார் என்று முன்னோரைப் பெயர் சொல்லித் தொழுகிறார். பத்திரகிரியாரின் புலம்பல் வடிவம் அவருடைய ‘எந்நாட்கண்ணி’யில் புது உயிர் பெறுகிறது. வேதாந்தமும் சித்தாந்தமும் சண்டையிடுவது அவருக்குப் பிடிக்காது. இரண்டும் சமரசமாகும் இடமே அவர் நின்ற இடம். கல்விச் செருக்கும் பிடிக்காது. வடமொழி வல்லவர் வந்தால் தமிழைக் காட்டி வாதாடுவேன், தமிழ் வல்லவர் வந்தால் வடமொழி வசனங்களை எடுத்து வீசுவேன் என்று ஒரு பாட்டில் தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். இந்தத் தந்திரம் தெரியாத கல்லாதவர்களே மேல் என்பது அவர் தீர்ப்பு. படித்தவர்கள் நெஞ்சைத் தொட்டுக்கொள்ள வேண்டிய இடம் அது.

நாமக்கல் கவிஞருக்குக் கம்பனும் வள்ளுவனும் இரு கண்கள். குறளுக்கு உரை எழுதினார். கம்பன் கவிதையின் இன்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதிப் பகிர்ந்தார். கதை சொல்வதிலும் ஆசை. அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவல் 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகி ஊரெல்லாம் ஓடியது. ‘என் கதை’ என்று தம் வாழ்க்கையையும் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார். எளிமை அவருக்குக் கொள்கை. கேட்டவுடன் புரியாத சொல்லை அவர் பெரும்பாலும் தொடவில்லை.

வாய்க்குள் நுழையும் வடிவம்

இருவரின் வடிவத்தையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். தாயுமானவரின் ‘பராபரக்கண்ணி’ 389 கண்ணிகள் கொண்டது. ஒவ்வொன்றும் இரண்டே அடி. ஒவ்வொன்றின் முடிவிலும் அதே விளி. இந்த அமைப்பு சாதாரணக் காரியமில்லை. எங்கே தொடங்கினாலும் தொடங்கலாம், எங்கே நிறுத்தினாலும் நிறுத்தலாம். மனப்பாடம் செய்தவர் ஒருவர் முதலடியைச் சொன்னால், சுற்றியிருப்பவர் முடிவு விளியில் சேர்ந்துகொள்ளலாம். அரண்மனையில் கணக்கெழுதியவர், எழுத்தறியாதவரும் பங்கு பெறும்படி பாட்டைக் கட்டியிருக்கிறார்.

நாமக்கல் கவிஞர் 1930இல் எழுதிய உப்புச் சத்தியாக்கிரக வழிநடைப் பாட்டு, பாதத்தின் தாளத்துக்கு அளந்தெடுத்தது. சிறு சிறு சீர்கள், ஓரடிக்கு ஒரு மூச்சு. நடந்து களைத்தவனும் பாடலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி, சித்திரை முதல் நாளில், ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல். சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டினார். வழியோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவிட்டு மக்கள் மறைந்துகொண்டார்கள். அந்த நடை முழுவதும் தொண்டர்களின் வாயில் இருந்தது இந்தப் பாட்டு. ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்து ராஜாஜி கைதானார்.

அவர்களை ஊரில் வரவேற்றுத் தாங்கியவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. தாயுமானவர் மரபில் வந்தவராகச் சொல்லப்படுபவர். கேடிலியப்ப பிள்ளையின் குடும்பம் வேதாரண்யத்திலிருந்து திருச்சிக்குப் போன பாதையில், நாமக்கல்காரரின் பாட்டு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு வந்து, அதே மரபின் வாசலில் இறங்கியது.

தராசில்

குறைகளையும் சொல்ல வேண்டும். தாயுமானவரின் நீண்ட விருத்தங்கள் வடசொல் மிகுந்தவை. சித்தாந்தப் பயிற்சி இல்லாதவர் உரையாசிரியரின் கையைப் பிடித்துத்தான் நடக்க முடியும். நாமக்கல் கவிஞரின் சில பாடல்கள் மேடைப் பேச்சு யாப்புக்குள் வந்ததுபோல் நிற்கின்றன. காலம் மாறியதும் சூடு ஆறிவிட்டது. 1949இல் அரசவைக் கவிஞரான பின் எழுதியவற்றைவிட, பதவியும் பரிசும் எட்டாத தூரத்தில் இருந்தபோது எழுதியவற்றில்தான் எனக்கு அதிக உயிர் தெரிகிறது.

இருவரும் சிறந்து நிற்பது, பாடப்போகிறவரின் மூச்சை அளவாகக் கொண்டு எழுதிய இடங்களில்தான். தாயுமானவர் ‘நான்’ என்று பாடினார். தனியே தவிக்கும் எவரும் அந்த ‘நானி’ல் நுழைந்துகொள்ளலாம். நாமக்கல் கவிஞர் எல்லாரையும் வாருங்கள் என்று அழைத்தார். தயங்கி நின்றவரும் வரிசையில் சேரலாம். ஒன்று அகத்துக்கு, ஒன்று ஊருக்கு. இரண்டிலும் கவிஞர் தம்மைக் காட்டிக்கொள்ள நிற்கவில்லை. பாடுகிறவருக்கு இடம் விட்டு ஒதுங்கிவிட்டார். புரவலரைப் புகழ வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கே இது எளிதில் கைகூடும்.

வேதாரண்யத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இன்றும் உப்பளத்தில் கணக்கெழுதுபவர், பள்ளியில் பாடம் நடத்துபவர், மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர் என்று கவிதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முழுநேரக் கவிஞர் இல்லையே, கவிதை நமக்கு வெறும் பொழுதுபோக்குத்தானே என்று அவர்கள் கூச வேண்டியதில்லை. வேறு வேலை பார்ப்பது கவிதைக்குக் குறை இல்லை. அது தரும் விடுதலையைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் குறை. எழுதியதை அளக்க ஒரே கேள்வி போதும்: என்னை அறியாத ஒருவர், தம் தேவைக்காக, இதை எடுத்துப் பாடுவாரா? தாயுமானவரும் நாமக்கல் கவிஞரும் அந்தக் கேள்வியில் தேறியவர்கள். நம் பாட்டையும் அதே கேள்வியின் முன் துணிந்து வைப்போம்.