பல்கலைக்கழகக் கால்பந்தும் மாணவர் எண்ணிக்கையும்

மாணவர் எண்ணிக்கை கூடினால் கால்பந்து வெற்றியும் கூடுமா என்பது பல்கலைக்கழக விளையாட்டு வரலாற்றில் எழும் ஒரு கேள்வியாகும். இந்தியாவில் பல்கலைக்கழக அணி அதன் இணைப்புக் கல்லூரிகள் அனைத்திலிருந்தும் தேர்வு செய்யப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரச் சிற்றூரான கீழவைப்பாரைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தூத்துக்குடியிலுள்ள இணைப்புக் கல்லூரியில் படித்தால், 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம்பெற முடியும். கால்பந்துக்குப் பெயர்பெற்ற குமரி மாவட்டத் தூத்தூர் மாணவர்களும் அதே இடத்துக்குப் போட்டியிடுவர்.

எனவே எண்ணிக்கை, தேர்வுக்கான வாய்ப்பை விரிவாக்குகிறது, வெற்றியை உறுதிசெய்வதில்லை. அனைத்திந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துப் போட்டிக்குரிய சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பையை, 1857இல் தோன்றிய கல்கத்தா பல்கலைக்கழகம் பலமுறை வென்றுள்ளது. ஆனால் 1968இல் தொடங்கப்பட்ட கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1971இலேயே அக்கோப்பையை வென்றது. ஊர்தோறும் எழுவர் கால்பந்து ஆடப்படும் மலபார் அதன் எல்லைக்குள் இருந்தது.

பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்திலும் இதைக் காணலாம். அங்கு 1994 முதல் 2024 வரை, முதன்மைப் பிரிவு அணி ஒவ்வொன்றும் 85 வீரர்களுக்கு மட்டுமே விளையாட்டு உதவித்தொகை வழங்க முடிந்தது. 40,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும், ஏறத்தாழ 9,000 இளநிலை மாணவர்களைக் கொண்ட நோட்டர் டேமுக்கும் வரம்பு ஒன்றே. இரண்டும் பலமுறை தேசிய வாகை சூடியவை.

ஆகவே மாணவர் தொகையைவிட, ஊரில் ஆடுகளமும் பயிற்சியும், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடும் கிடைப்பதே முதன்மையானது எனலாம்.